சென்னையிலிருந்து நேரா அமெரிக்கா ஏன் இல்லை? நெடுந்தூர விமான ரூட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான அட்டவணைகளைத் தொடர்ந்து கவனிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து கல்யாண வீட்டிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை என்பதால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. சென்னையில இருந்து அமெரிக்காவுக்கு இத்தனை பேர் போறாங்க. ஒரு நான்ஸ்டாப் ஃப்ளைட் கூட ஏன் இல்லை?

நிறைய பேர் போகிறார்கள், உண்மைதான். ஆனால் விமான நிறுவனம் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்த விமானத்தை இங்கே அனுப்பினால் கிடைக்கும் காசு, இதே விமானத்தை வேறு எங்கே அனுப்பினாலும் கிடைப்பதைவிட அதிகமா? டூரிஸ்ட் வேன் வைத்திருப்பவர் கார்த்திகை மாதத்தில் வண்டியைச் சபரிமலைக்கு விடுவதா, உள்ளூர் சவாரிக்கு விடுவதா என்று பார்ப்பாரே, அதே கணக்கு. இரண்டிலும் வண்டி நிரம்பும். எதில் கையில் அதிகம் நிற்கும் என்பதுதான் விஷயம்.

சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர், சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 13,900 கிலோமீட்டர். போக ஒரு 16, 17 மணி நேரம், வர அதே அளவு, இரண்டு முனையிலும் இறக்கி ஏற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் நிரப்ப இரண்டு மூன்று மணி நேரம். ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. ஆகவே தினசரி சேவைக்கு இரண்டு விமானங்களை முழுதாக ஒதுக்க வேண்டும். அதே இரண்டு விமானங்கள் டெல்லி-லண்டன் போன்ற ரூட்டில் ஆளுக்கு ஒன்றாகத் தினமும் இரண்டு சேவை நடத்திவிடும். பைலட்டுகளும் அப்படித்தான்: இவ்வளவு நீண்ட பயணத்துக்கு நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், நடுவில் அவர்கள் படுத்துத் தூங்க விமானத்துக்குள்ளேயே இடம் வேண்டும்.

இதையெல்லாம் ஈடுகட்ட, துபாய் வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ போவதைவிடக் கணிசமாக அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கும் பயணிகள் தினமும், வருஷம் முழுக்க வேண்டும். சென்னை இடறும் இடம் அதுதான்.

2. யார் எங்கே போறாங்கன்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும்? நான் துபாய் வழியாப் போனா துபாய் பயணின்னுதானே கணக்கு வரும்?

வராது. டிக்கெட் முன்பதிவுத் தரவுகளைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெயர் இருக்காது, ஆனால் சென்னையில் ஏறியவர் துபாயில் மாறி டல்லாஸில் இறங்கினார், எந்த மாதம், எந்த வகுப்பு, சராசரிக் கட்டணம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பயணம் தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் ஒரு ஜோடியாக எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு திசையில் எத்தனை பேர் என்று பார்ப்பது வழக்கம்.

அதற்கு மேல் ஒரு மதிப்பீட்டு மாதிரியை ஓட்டுவார்கள். நான்ஸ்டாப் வந்தால் இவர்களில் எத்தனை சதவீதம் மாறுவார்கள், புறப்படும் நேரத்தை நான்கு மணி நேரம் தள்ளினால் எத்தனை பேர் போய்விடுவார்கள், புதிதாக எத்தனை பேர் பயணம் செய்ய ஆரம்பிப்பார்கள் என்று கணக்கிடும் மாதிரி. கடைசிக் கேள்வி கடினமானது, அதில்தான் திட்டமிடுபவரின் அனுபவம் தெரியும்.

3. ஃப்ளைட் ஃபுல்லாப் போனா லாபம்தானே?

நெடுந்தூரத்தில் அவசியமில்லை. பின்னால் இருக்கும் எகானமி முழுக்க நிரம்பி, முன்னால் பிசினஸ் கிளாஸ் பாதி காலியாக இருந்தால் பல ரூட்டுகள் நஷ்டம்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களும் விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்களும் விலை பார்த்து வாங்குபவர்கள். ஐயாயிரம் ரூபாய் குறைந்தால் இன்னொரு விமானத்துக்குப் போய்விடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அவர்களை மட்டும் நம்பி 17 மணி நேர ரூட்டைத் தொடங்க முடியாது.

சீசன் இன்னொரு பிரச்சினை. அமெரிக்கப் பள்ளி விடுமுறையிலும் டிசம்பரிலும் சீட் கிடைக்காது. செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் நிரப்பவே சிரமப்பட வேண்டும். ஒரு திசையில் நிரம்பும், மறுதிசையில் காற்றாடும். நிறுவனம் வருஷ சராசரியைத்தான் பார்க்கும்.

அப்புறம் பயணிகளுக்குக் கீழே, விமானத்தின் அடித்தளத்தில் போகும் சரக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணுச் சாமான்கள், வாகன உதிரிபாகங்கள், தோல் பொருள்கள் எல்லாம் சென்னைக்குச் சாதகம். திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போவது அங்குள்ள சேவைகளுக்கு உதவுகிறது. ஆனால் மிக நீண்ட ரூட்டில் எரிபொருளே எடையைத் தின்றுவிடுவதால் சரக்குக்கு இடம் குறையும். அதை 10ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. பெங்களூருக்கு மட்டும் எல்லாரும் ஓடிப் போறாங்களே, சென்னை என்ன பாவம் செஞ்சுது?

பெங்களூருக்குச் சாதகமானது ஐடி நிறுவனங்களின் பயணம். ஒரு பெரிய நிறுவனம் வருஷத்துக்கு இத்தனை பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் போடும்போது, விமான நிறுவனத்துக்கு நிச்சயமான வருமானம் கண்ணில் தெரிகிறது. ஏர் இந்தியா 2021 ஜனவரியில் பெங்களூர்-சான் ஃபிரான்சிஸ்கோ தொடங்கியது. குவாண்டாஸ் 2022இல் சிட்னியிலிருந்து வந்தது, விர்ஜின் அட்லாண்டிக் 2024இல் லண்டனிலிருந்து வந்தது.

ஆனால் பெங்களூர் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2020இல் சியாட்டில்-பெங்களூர் அறிவித்தது. யுனைடெட் சான் ஃபிரான்சிஸ்கோ-பெங்களூர் அறிவித்தது. இரண்டும் கொரோனாவால் தள்ளிப்போய், திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், ஒரு தடவைகூடப் பறக்காமலே கைவிடப்பட்டன. இத்தனைக்கும் இந்தியாவின் மிக வலுவான அமெரிக்கச் சந்தைகளில் ஒன்று அது. அங்கேயே இந்த நிலை என்றால் சென்னைக்கு அமெரிக்க நிறுவனங்கள் தயங்குவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சென்னைக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனம் 2019 அக்டோபரில் டோக்கியோ நரிட்டாவிலிருந்து சென்னைக்குச் சேவை தொடங்கியது. காரணம் நம் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அங்கே போய்வரும் அதிகாரிகளும். கோயில் சுற்றுலாவை நம்பி அவர்கள் வரவில்லை. ஆறு மாதம் முடிவதற்குள் கொரோனா வந்து நிறுத்திவிட்டது. நல்ல காரணத்தோடு தொடங்கிய ரூட் தன்னை நிரூபிக்க நேரமே கிடைக்காமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

5. துபாய், தோஹாவுக்கு மட்டும் இத்தனை ஃப்ளைட் எப்படிக் கட்டுப்படியாகுது?

சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்தில் துபாயில் இறங்குபவர்கள் ஒரு பங்கு. மிச்சப் பேர் ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று நூறு ஊர்களுக்குப் பிரிகிறார்கள். நியூயார்க்குக்கு ஒரு நாளில் நாற்பது பேர், ஹூஸ்டனுக்குப் பத்துப் பேர் என்று எந்த ஊருக்கும் தனி விமானம் தேறாத கூட்டத்தையெல்லாம் சேர்த்து ஒரே விமானத்தில் ஏற்றலாம் (இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான்). அதுவும் நாலரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், எத்தனை விமானம் என்று 1ஆம் பதிலில் பார்த்த கணக்கு இங்கே அழகாகப் பொருந்தும்.

கொழும்பும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2017 அக்டோபரில் மெல்போர்னுக்குத் தொடங்கியபோது, கொழும்பில் ஏறும் பயணிகளை மட்டும் அது எண்ணவில்லை. சென்னை, திருச்சி, மதுரை, கொச்சியிலிருந்து வந்து மாறுபவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. மதுரைக்காரர் ஒருவர் சென்னை வரை வராமலே ஆஸ்திரேலியா போக அது நல்ல வழி.

6. ஐரோப்பா ஃப்ளைட் எல்லாம் ஏன் நடுராத்திரியிலயே வருது, போகுது? மனுஷங்க தூங்க வேண்டாமா?

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அட்டவணை சென்னைக்காக எழுதப்படுவதில்லை, மறுமுனையில் உள்ள மைய விமான நிலையத்துக்காக எழுதப்படுகிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து மாலையில் கிளம்பும் விமானங்கள் அங்கே காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் வந்து சேரும். அதில் வந்தவர்கள் மாறுவதற்கு நேரம் விட்டுச் சென்னை விமானம் காலை பத்து மணி வாக்கில் கிளம்பினால், பறக்கும் நேரமும் கடிகார வித்தியாசமும் சேர்ந்து இங்கே வந்து சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினால் மறுபடி ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை ஏழு, எட்டு மணி. அமெரிக்கா போகும் விமானங்கள் அதற்குப் பிறகுதான் வரிசையாகக் கிளம்பும். இரண்டு பக்கமும் இணைப்பு கச்சிதமாக உட்காருகிறது. நம் வசதிக்காகச் சென்னையில் காலை பத்து மணிக்குக் கிளம்ப வைத்தால், விமானம் எட்டு மணி நேரம் இங்கே சும்மா நிற்கும். ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சேரும்போது மாலை, அமெரிக்க விமானங்களில் பெரும்பாலானவை போயிருக்கும்.

ஊரடங்கு நேரங்களும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான புறப்பாடும் இறக்கமும் கிடையாது. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை. இந்திய விமான நிலையங்கள் பெரும்பாலும் ராத்திரி முழுக்கத் திறந்திருப்பதால் வளைந்து கொடுப்பது நம் பக்கமாகிவிடுகிறது. ராத்திரிக் காற்று குளிர்ச்சியாக இருப்பது இறக்கைக்கும் எஞ்சினுக்கும் நல்லது, கொஞ்சம் கூடுதல் எடையோடு மேலேறலாம். அது உபரி லாபம்.

7. அதே ஃப்ளைட் நவம்பர்ல ஒரு மணி நேரம் தள்ளி வருதே?

ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அங்கே கிளம்பும் நேரம் அப்படியே இருந்தால் இங்கே வரும் நேரம் நகரும். உலக விமான அட்டவணையும் இரண்டு சீசன்தான்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்காலம். புது ரூட்டுகள் பெரும்பாலும் இந்தத் தேதிகளை ஒட்டித் தொடங்குவதும் இதனால்தான்.

8. ஒரு கம்பெனி நினைச்சா எந்த ஊருக்கு வேணா பறக்கலாமா? மதுரைக்கு ஏன் வெளிநாட்டு ஃப்ளைட் இவ்வளவு கம்மி?

முடியாது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு உரிமை உண்டு. ஆகவே இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, எந்த ஊர்களுக்கு, வாரத்துக்கு எத்தனை சேவை அல்லது எத்தனை இருக்கை என்று ஒப்பந்தம் போட வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் 2005இல் திறந்த வான் ஒப்பந்தம் போட்டுவிட்டன, அங்கே எண்ணிக்கைத் தடை இல்லை. அதனால் 1ஆம் கேள்விக்கு அரசு அனுமதியைக் குறை சொல்ல முடியாது. துபாய்க்கு நிலைமை வேறு. ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் என்ற உச்சவரம்பில் பல ஆண்டுகளாக நிற்கிறது. எமிரேட்ஸ் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஊர் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் மதுரையின் சிக்கல். ஆசியான் (தென்கிழக்கு ஆசிய), சார்க் (தெற்காசிய) நாட்டு விமானங்கள் தாராளமாக வரலாம் என்று இந்தியா அனுமதித்த 18 சுற்றுலா ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. வேறு பல ஒப்பந்தங்களிலும் மதுரை பெயர் கிடையாது. இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து வெளிநாடு பறக்கத் தடையில்லை. ஸ்ரீலங்கன் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, வெளிநாட்டு நிறுவனங்கள் வருவதற்குத்தான் கதவு மூடியிருக்கிறது. தென்மாவட்ட எம்.பி.க்களும் வணிகர் சங்கங்களும் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான், நியாயமான கோரிக்கை.

9. அனுமதி கிடைச்சாச்சு. அப்புறம் ஸ்லாட் இல்லைன்னு சொல்றாங்களே, அது என்ன?

நெரிசலான விமான நிலையத்தில் இந்த நாளில் இந்த நேரத்தில் இறங்கலாம், இந்த நேரத்தில் ஏறலாம் என்ற உரிமைக்குப் பெயர் ஸ்லாட். லண்டன் ஹீத்ரோவில் வருஷத்துக்கு 4,80,000 விமானப் போக்குவரத்துகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு, அது கிட்டத்தட்ட நிரம்பியே இருக்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர் ஒரு சீசனில் 80 சதவீதமாவது பயன்படுத்தினால் அடுத்த ஆண்டும் அவருக்கே. புதிதாக வருபவர் காத்திருக்க வேண்டும், அல்லது இன்னொருவரிடம் வாங்க வேண்டும். 2016இல் ஓமன் ஏர் ஒரே ஒரு ஜோடி ஹீத்ரோ ஸ்லாட்டுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது.

கையில் ஸ்லாட் வைத்திருக்கும் நிறுவனமும் 1ஆம் பதிலில் உள்ள கேள்வியையே கேட்கும். சென்னைக்கு ஒரு கூடுதல் லண்டன் சேவை என்றால், அந்த ஸ்லாட்டில் இப்போது போகும் ஏதோ ஒரு ஊரை எடுக்க வேண்டும்.

10. விமானம் அவ்வளவு தூரம் நிற்காமப் பறக்குமா? பறந்தா எல்லாருமே ஏன் அப்படிச் செய்யலை?

பறக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, சுமார் பதினெட்டரை மணி நேரம். குவாண்டாஸ் 2018 மார்ச்சிலிருந்து பெர்த்-லண்டன் 14,498 கிலோமீட்டரை போயிங் 787-9இல் ஓட்டுகிறது. சென்னை-சான் ஃபிரான்சிஸ்கோ இவை இரண்டையும்விடக் குறைவு.

செலவில்தான் உதைக்கிறது. தூரம் கூடக் கூட, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமக்க வேண்டும்; அந்த எடையைச் சுமக்கவே எரிபொருள் எரியும். நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு அதே நிறுவனம் ஓட்டிய ரூட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 2004இல் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500இல் தொடங்கினார்கள். பிறகு வெறும் 100 இருக்கை, அத்தனையும் பிசினஸ் கிளாஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் விலை தாங்காமல் 2013இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் என்ற விசேஷ ரகம் வந்த பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் அதில் 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-900இல் 253 இருக்கைகள்.

அதாவது கிட்டத்தட்ட நூறு பேரை இறக்கிவிட்டு, மிச்சப் பேரிடம் அதிகம் வாங்கினால்தான் இந்த ரூட் ஓடும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே வங்கி, நிதி நிறுவனப் பயணிகள் இருக்கிறார்கள். சிட்னி-லண்டனுக்குக் குவாண்டாஸ் வாங்கும் ஏ350-1000இலும் 238 இருக்கைகள்தான் வைக்கப்போகிறார்கள், மற்றவர்கள் அதே விமானத்தில் 300க்கு மேல் வைக்கிறார்கள். சென்னையின் கூட்டம் எகானமிக் கூட்டம் என்பதை 3ஆம் பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் சென்னைக்குச் சாதகம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, முழு எடையோடு மேலேறுவது கடினம். மீனம்பாக்கம் கடல் மட்டத்தை ஒட்டியே இருக்கிறது, பிரதான ஓடுபாதை 3,658 மீட்டர். ஓடுபாதை சின்னது, அதனால்தான் வரவில்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

11. ரெண்டே எஞ்சின்ல கடல் மேல, துருவம் மேல போறது ஆபத்து இல்லையா?

ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடியும் என்பதற்கு ஒவ்வொரு ரகத்துக்கும் அனுமதி அளவு உண்டு. 1985இல் அது 120 நிமிடமாக உயர்ந்தது. இன்றைக்கு 787க்கு 330 நிமிடம், ஏ350க்கு 370 நிமிடம் வரை கிடைக்கிறது. பல வருஷ எஞ்சின் நம்பகத்தன்மையைப் பார்த்துக் கொடுத்த அனுமதி அது.

12. ஒரு நாடு வான்வெளியை மூடினா ரூட்டே போயிடுமா?

போகலாம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஃபின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சிங்கி-டோக்கியோ சுமார் ஒன்பது மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமானது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே தொழிலாக வைத்திருந்த நிறுவனம் அது.

நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதும் ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னா போன்ற இடங்களில் எண்ணெய் நிரப்ப நிற்க வேண்டியதானது. செப்டம்பரில் டெல்லி-வாஷிங்டன் சேவையை நிறுத்திய ஏர் இந்தியா இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 787 விமானங்கள் புதுப்பிப்புக்குப் போவதால் ஏற்பட்ட பற்றாக்குறை இன்னொரு காரணம்.

13. வாரம் மூணு நாள் மட்டும் விடறாங்களே, அதுவாவது சென்னைக்குத் தரக் கூடாதா?

தரலாம், சுற்றுலா ரூட்டுகளில் தருகிறார்கள். ஆனால் அதிகம் கொடுக்கும் தொழில்முறைப் பயணிக்கு வியாழக்கிழமை கூட்டம் முடிந்தால் அன்றைக்கே திரும்ப வேண்டும். சனிக்கிழமைவரை விமானமில்லை என்றால் அவர் தினமும் பறக்கும் எமிரேட்ஸுக்கே போவார். வாரம் மூன்று நாள் சேவை இழப்பது, அதற்கு மிகத் தேவையான பயணியைத்தான்.

14. பெருசா அறிவிச்சுட்டுப் பாதியில ஏன் நிறுத்திடறாங்க?

புது நெடுந்தூர ரூட் காலூன்ற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது இத்தொழிலில் பொதுவான எதிர்பார்ப்பு. அதுவரை நஷ்டம் தாங்க வேண்டும். நடுவில் எண்ணெய் விலை ஏறினாலோ, வேறு ரூட் நன்றாக ஓடி விமானம் தேவைப்பட்டாலோ, புதியதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

சில சமயம் விமானமே இருக்காது. 2020இல் வர வேண்டிய போயிங் 777எக்ஸ் பல ஆண்டுகள் தள்ளிப்போய்விட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரெண்ட் 1000 எஞ்சின் உதிரிபாகத் தட்டுப்பாட்டால் 2024இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சில ரூட்டுகளைக் குறைத்தது. ஊர் மேல் குறையே இல்லாமல் ரூட் போவது இப்படித்தான்.

15. மனு கொடுத்தா, கையெழுத்து வாங்கினா வருமா?

மதுரை மாதிரி ஒப்பந்தமே தடையாக இருக்கும் இடத்தில் அரசியல் அழுத்தம் உதவும். சென்னை-அமெரிக்காவுக்கு உதவாது என்பது என் கருத்து. ‘எங்கள் ஊரில் நிறைய பேர் போகிறார்கள்’ என்பது 2ஆம் பதிலில் சொன்ன தரவில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அவர்களிடம் இல்லாதது உறுதிமொழி. தனியார் நடத்தும் பெங்களூர் விமான நிலையம் போன்றவை இதற்கென்றே ஆள் வைத்து, விமான நிறுவனங்களின் திட்டமிடல் அதிகாரிகளைத் தேடிப் போய்ச் சந்திக்கின்றன. இறங்கு கட்டணச் சலுகை, விளம்பரச் செலவில் பங்கு என்று பேசுகின்றன. சென்னை இன்னும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஆணையமும் மாநில அரசும் தொழில் கூட்டமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து, இங்குள்ள நிறுவனங்கள் ஆண்டுக்கு இத்தனை பிசினஸ் டிக்கெட் வாங்குவோம் என்று எழுத்தில் கொடுக்க முடிந்தால், அந்தத் தாள் ஒரு லட்சம் கையெழுத்தைவிடப் பெரியது.

16. புது ரூட் வரப்போகுதுன்னு முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரு நாட்டு விமான ஒப்பந்தப் பேச்சு, புது நெடுந்தூர விமானங்கள் வந்து சேரும் தேதி, ஒரு வெளிநாட்டு நிறுவனம் இந்திய நிறுவனத்தோடு டிக்கெட் பகிர்வு ஒப்பந்தம் (ஒருவர் விமானத்துக்கு மற்றவரும் டிக்கெட் விற்பது) போடுவது, இந்த மூன்றையும் கவனியுங்கள். குவாண்டாஸ் பெங்களூர் வந்தபோது இண்டிகோவோடு பகிர்வும் சேர்ந்தே வந்தது. முகநூலில் சுற்றும் "விரைவில் சென்னை-நியூயார்க்" படங்களை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேதியோடு டிக்கெட் விற்பனைக்கு வந்தால்தான் செய்தி.

அப்படி வந்த பிறகும் 4ஆம் பதிலில் உள்ள சியாட்டில் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனமே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பும். ஆனால் அந்த ஃப்ளைட்டை நம்பித் தனியாக வாங்கிய உள்நாட்டு விமான டிக்கெட்டும் ஹோட்டலும் திரும்பாது. முதல் சீசன் ஓடி முடியும்வரை அவற்றை ரத்து செய்யக்கூடிய வகையிலேயே வாங்குங்கள்.